கிழங்கானுக்கு ஒரு வெள்ளை சாஸ்

செப்டம்பர் 1, திங்கள்

இந்த டைரி ஐஸ் கம்பெனிக்காரர் வருஷப் பிறப்புக்குக் கொடுத்தது. எட்டு மாதமாகப் பீரோவில் சும்மா கிடந்தது. இன்று மதுரை ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு முறை சொல்லித்தருகிற பெண், "பிள்ளை என்ன சாப்பிட்டா, எவ்வளவு சாப்பிட்டான்னு தினமும் எழுதி வைங்கம்மா" என்றாள். எழுதுகிறேன். எட்டாம் வகுப்பு வரை படித்த கைதான், ஆனாலும் முப்பது வருஷமாகச் சீட்டு எழுதிப் பழகிய கை.

என் பெயர் அமலோற்பவம். திரேஸ்புரம் கடற்கரையில் மீன் ஏலம் எடுத்து ஓட்டல்களுக்குக் கொடுக்கிறேன். தலையில் அலுமினியச் சட்டி சுமந்து தெருத்தெருவாக விற்றவள், இன்று சொந்தமாக ஒரு குட்டி யானை வண்டி வைத்திருக்கிறேன். என் ஒரே மகள் டெல்பின். முப்பத்தொரு வயது. குவைத்தில் ஆறு வருஷம் நர்ஸாக இருந்தாள். பிப்ரவரியில் நாக்கின் ஓரத்தில் ஒரு புண்ணோடு வந்தாள். ஏப்ரலில் நாக்கில் ஒரு பகுதியை வெட்டினார்கள். அதற்குப் பிறகு முப்பத்து மூன்று நாள் கதிர்வீச்சு, நாங்கள் சொல்கிற கரன்ட், வைத்தார்கள். கட்டி போய்விட்டது, சாப்பாடும் அதோடு போய்விட்டது.

டாக்டர் சொன்னது: "இப்ப முப்பத்தெட்டு கிலோ நானூறு. அக்டோபர் ஆறாந்தேதி வாங்க. முப்பத்தேழரைக்குக் கீழ போயிருந்தா வயித்துல சின்னத் துளை போட்டு குழாய் வச்சிரலாம். பயப்பட ஒண்ணுமில்ல."

வண்டியில் வரும்போது டெல்பின் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "யம்மா, குழாய் மட்டும் வேண்டாம். நான் எத்தன பேருக்கு அது வழியா ஊத்தியிருக்கேன். அதப் போட்டவங்க பாதிப் பேரு, வாயால திங்கணும்ங்கிற நெனப்பையே விட்டுருவாங்க."

(அறுவைக்குப் பின் அவள் பேச்சு கொஞ்சம் குழறும். எனக்குப் புரியும். இங்கே நேராகவே எழுதுகிறேன்.)

இன்று சாப்பிட்டது: கஞ்சித் தண்ணீர் அரை டம்ளர். பால் நாலு வாய்.

செப்டம்பர் 2

கஞ்சித் தண்ணீர் ஆறு ஸ்பூன். முட்டையைத் துப்பிவிட்டாள்.

"என்னதாம்ட்டி ஒனக்கு எறங்கும்? சொல்லித் தொலையேன்" என்று கத்திவிட்டேன். கத்தியிருக்கக் கூடாது. அவள் வெகுநேரம் யோசித்தாள்.

"குவைத்துல எங்க ஆஸ்பத்திரி கேன்டீன்ல வெள்ளிக்கிழமையானா மீன் தருவாங்க. மேல வெள்ளையா ஒரு சாஸ். கிரீம், எலுமிச்ச, ஏதோ பச்ச இல. வழுக்கிக்கிட்டுப் போகும் யம்மா."

ஐந்து மாதத்தில் முதல்முறையாக அவள் வாயில் ஒரு சாப்பாட்டின் பெயர் வந்திருக்கிறது. போதும். இனி அது என் பாடு.

செப்டம்பர் 3

துறைமுகத்துப் பக்கம் நான் மீன் கொடுக்கிற பெரிய ஓட்டலில் ஸ்டனிஸ்லாஸ் என்று ஒரு சமையல்காரர். கப்பலில் சமைத்துவிட்டு வந்தவர். இன்று அவருக்கு நல்ல கணவாயாகப் பொறுக்கிக் கொண்டுபோய், சமையலறை வாசலிலேயே பிடித்தேன்.

"யக்கா, நீங்க சாளைக் குழம்புக்காரி. ஒங்களுக்கு எதுக்கு இந்த வெள்ளக்காரன் சமாச்சாரம்?"

"ஒனக்குப் போட்டியா ஓட்டல் தொறக்கப் போறேன். சொல்லுலே."

"தொழில் ரகசியம் யக்கா."

"சரி. நாளையிலருந்து கணவாய ஐஸோட சேத்து நிறுத்துக்க. அது என் தொழில் ரகசியம்."

சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். வெண்ணெயில் பூண்டை நிறம் மாறாமல் வதக்க வேண்டும். மீன் தலையும் முள்ளும் வேகவைத்த தண்ணீரைச் சுண்டவைத்து ஊற்ற வேண்டும். பிறகு கிரீம், சிறு தீயில். கடைசியாக எலுமிச்சையும் இலையும். இலையைக் காட்டினார், நூல் நூலாக இருந்தது. முகர்ந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏலே, இது சதகுப்பைல்லா! பிள்ளை பெத்தவளுக்கு இடிச்சுக் கொடுக்கிற மருந்து!"

"அங்க இதுக்கு மரியாதையே வேற யக்கா. எனக்கே பெங்களூர்லருந்து வாரத்துக்கு ரெண்டு தடவதான் வருது."

கேட்கும்போது அவரிடம் காரணம் சொல்லவில்லை. கிளம்பும்போது அவரே, "பிள்ளைக்கா?" என்றார். தலையாட்டினேன். ஒரு கைப்பிடி இலையைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தார்.

செப்டம்பர் 4

நாட்டு மருந்துக் கடையில் சதகுப்பை விதை வாங்கி வந்தேன். மீன் வருகிற தெர்மாகோல் பெட்டி ஒன்றை உப்புப் போக நாலு தடவை கழுவி, மண் நிரப்பி விதைத்தேன். பெங்களூர் பஸ்ஸை நம்பி என் பிள்ளை இருக்க வேண்டாம்.

முதல் சாஸ் வைத்தேன். கிரீம் நன்றாகக் கொதித்து வந்தது. எலுமிச்சை பிழிந்தேன். கண் முன்னாலேயே திரிந்துபோய், மேலே தண்ணீரும் கீழே கட்டியுமாக நின்றது. ஸ்டனிஸ்லாஸுக்குப் போன் செய்தேன்.

"கொதிக்கும்போது பிழிஞ்சீங்களா? பன்னீர் செய்யவா கேட்டீங்க? எறக்கி வச்சி, விரல் பொறுக்கிற சூட்டுக்கு வந்தப்பறம் பிழியணும்."

சாப்பிட்டது: பால் ஐந்து வாய்.

செப்டம்பர் 6, சனி

டெல்பினை எடை போட்டேன். வீட்டில் வேறு தராசு இல்லை. கொட்டகையில் மீன் பெட்டி நிறுக்கிற பெரிய தராசைச் சோப்புப் போட்டுக் கழுவி, மேலே துண்டை விரித்து நிறுத்தினேன்.

"என்ன வெல போவேன் யம்மா?" என்றாள்.

"சீலா மீனுக்கு மேல போவ. பேசாம நில்லு."

38.100. ஐந்து நாளில் முந்நூறு கிராம் போய்விட்டது. இப்படியே போனால் ஆறாந்தேதிக்கு என்ன ஆகும் என்று மனக்கணக்குப் போட்டேன். போட்டிருக்க வேண்டாம்.

செப்டம்பர் 8, திங்கள்

எங்கள் ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. ஆகவே திங்கள் காலையில் கரையில் பச்சை மீன் கிடையாது. எல்லாம் சனிக்கிழமை ஐஸ். அதையே "இப்பத்தான் வந்துச்சு" என்று எத்தனை திங்கட்கிழமை விற்றிருக்கிறேன். இன்று கிழங்கானைக் கையில் எடுத்தேன், கண் மங்கியிருந்தது. என் பிள்ளைக்குக் கொடுக்க மனம் வரவில்லை. சாயங்காலம் படகு வரும்வரை கரையிலேயே நின்றேன்.

கிழங்கான் மெத்தென்று வேகும், நோயாளிக்கு ஏற்ற மீன். ஆனால் முள் பொடி. வேகவைத்து, கறுப்புத் தட்டில் பரப்பி, மூன்று தடவை விரலால் தடவி முள் எடுத்தேன். மணிக்கு ஐந்து கிலோ இறால் உரிக்கிற கை, ஆறு கிழங்கானுக்கு முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டது.

சாஸ் இரண்டாம் தடவை. ஸ்டனிஸ்லாஸ் கொடுத்த இலை வாடிவிட்டதால் விதையை இடித்துப் போட்டேன். பிரசவ அறை மாதிரி மணந்தது. டெல்பின் முகர்ந்துவிட்டு, "எனக்கு என்ன கொழந்தையா பெறந்திருக்கு?" என்றாள். கொட்டிவிட்டேன்.

செப்டம்பர் 11

வந்துவிட்டது!

புது இலை. சிறு தீ. இறக்கி வைத்து நூறு எண்ணினேன். பிறகு ஒரு பழம் முழுதாகப் பிழிந்தேன். திரியவில்லை. கரண்டியின் முதுகில் பட்டுப்போல நின்றது. நக்கிப் பார்த்தேன். இத்தனை வயதுக்கு, மீனுக்கு இப்படி ஒரு பக்குவம் உண்டென்று தெரியாமல் போயிற்றே.

மூன்று ஸ்பூன் சாப்பிட்டாள். என் முன்னாலேயே. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவளுக்கு. சிரித்துக்கொண்டே இருந்த எனக்கும் வந்தது.

"நல்லாருக்காட்டி?"

"நல்லாருக்கும்மா." தட்டை மடியில் வைத்துக்கொண்டாள். "நீ பாத்துக்கிட்டே இருந்தா எறங்க மாட்டேங்குது. கதவச் சாத்திட்டுப் போ. நான் மெள்ள மெள்ளச் சாப்பிடுதேன்."

ஒரு மணி நேரம் கழித்துப் போனேன். தட்டு காலி.

செப்டம்பர் 13, சனி

இதை எழுதலாமா என்று யோசித்தேன். இது என் டைரி.

வியாபாரத்தில் எடை கூட்டிக் காட்ட நூறு வழி இருக்கிறது. இறாலைத் தண்ணீரில் ஊறவைப்பது. நண்டுக் காலை ஈரச் சணலால் கட்டுவது. எல்லாவற்றிலும் சுலபமானது, தராசுக்குப் பக்கத்தில் நின்று கால் பெருவிரலைத் தட்டின் ஓரத்தில் லேசாக ஊன்றுவது. ஆரம்ப காலத்தில் எல்லாம் செய்திருக்கிறேன். என்னிடம் எவனும் செய்துவிட முடியாது. ஒரு பெட்டியைத் தூக்கினாலே என் கை எடை சொல்லிவிடும்.

இன்று டெல்பினை நிறுத்தினேன். 37.300. அவள் இன்னும் குனிந்து பார்க்கவில்லை. என் கால் தானாகப் போயிற்று. 37.900 காட்டியது.

"பரவால்ல யம்மா, ரொம்பக் கொறையல" என்றாள்.

"கொறையல. சாஸ் பிடிச்சிருக்கு" என்றேன்.

என் விரலின் பங்கு அறுநூறு கிராம். அது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. மனம் விட்டுப்போனால் உள்ள எடையும் போய்விடும். அதற்காகத்தான்.

செப்டம்பர் 15

நாளுக்கு இரண்டு வேளை சாஸ் வைக்கிறேன். இரண்டு வேளையும் தட்டு காலி.

மதியம் பார்த்தால், டெல்பின் பின்வாசலில் அவள் அப்பாவின் பழைய வலையைப் பிரித்துவைத்து உட்கார்ந்திருக்கிறாள். அவர் போய்ப் பதினொரு வருஷம் ஆகிறது. வலையை விற்க மனமில்லாமல் மூலையில் போட்டிருந்தேன்.

"என்னட்டி செய்யுத?"

"சும்மா. கைக்கு வேல."

அப்பா நினைப்பு வந்திருக்கும். எழுந்து உட்கார்ந்தாளே, அதுவே நல்லது.

செப்டம்பர் 17

விதை முளைத்துவிட்டது. தலைமுடி மாதிரி. தட்டு காலி.

செப்டம்பர் 18

கொட்டகையில் திரியும் வெள்ளைப் பூனை இப்போதெல்லாம் மீன் தலையைப் போட்டாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. வயிறு உருண்டு நடக்க முடியாமல் நடக்கிறது. குட்டி போடப்போகிறது போல. நாளெல்லாம் டெல்பின் சன்னலுக்குக் கீழேதான் படுக்கை.

செப்டம்பர் 20, சனி

38.700!

என் விரல் அறுநூறு போக 38.100. ஒரு வாரத்தில் எண்ணூறு கிராம் கூடியிருக்கிறது! தராசை அணைத்துப் போட்டு மறுபடியும் நிறுத்தினேன், அதேதான். ஸ்டனிஸ்லாஸுக்கு ஒரு சிங்கி இறால் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். அந்த மனுஷன் வாங்க மாட்டேன் என்று சட்டம் பேசினார். சட்டிக்குள் போட்டுவிட்டு ஓடிவந்தேன்.

செப்டம்பர் 22

ஒரு யோசனை. இந்த சாஸைப் போத்தலில் அடைத்து, மீனோடு சேர்த்து ஓட்டல்களுக்குக் கொடுத்தால் என்ன? ஆஸ்பத்திரிகளுக்கும் கொடுக்கலாம். பெயர்கூட யோசித்துவிட்டேன்.

பிள்ளை படுக்கையில் இருக்கும்போது ஓடுகிற புத்தியைப் பார். ஆனால் அந்தப் புத்திதான் அவளைப் படிக்கவைத்தது.

செப்டம்பர் 25

அவள் வளையல் முழங்கைவரை ஏறி இறங்குகிறது. எடை கூடினால் கைக்குக் கடைசியாகத்தான் வரும்போல. அப்படித்தான் இருக்க வேண்டும்.

செப்டம்பர் 27, சனி

இன்று என் காலைத் தட்டில் வைக்கவில்லை. தேவைப்படவில்லை. விரல் இல்லாமலே 38.900.

டெல்பின் என் காலைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அறைக்குத் திரும்பும்போது மெதுவாக, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். உடம்பு ஏறியிருக்கிறது, கால் இன்னும் பழகவில்லை.

செப்டம்பர் 30

குளித்துவிட்டு வரும்போது வாசற்படியில் தடுக்கி விழப்போனாள். தாங்கி, அப்படியே தூக்கிக்கொண்டுபோய்க் கட்டிலில் விட்டேன்.

தூக்கும்போது என் கை ஒரு எடை சொன்னது. அதை நான் எழுதப்போவதில்லை. கைக்கும் வயதாகிறது.

அக்டோபர் 1

சாஸில் வெண்ணெயை இரண்டு மடங்காக்கினேன். மணம் தூக்கலாக இருக்கட்டும் என்று எலுமிச்சையும் ஒன்று கூட்டினேன். தட்டு காலி.

அக்டோபர் 3

ஏலத்தில் ஒரு பெட்டி நகரை மீன் எடுத்தேன். தூக்கிப் பார்த்துப் பதினெட்டு என்றேன். நிறுத்தால் பதினெட்டு நூறு. கைக்கு ஒன்றும் வயதாகவில்லை.

அக்டோபர் 4, சனி

39.400. சந்தோஷம்.

அக்டோபர் 6, திங்கள்

மதுரை.

எடை போடுகிற நர்ஸ் சின்னப் பெண். டெல்பினைத் தராசில் ஏற்றி, சால்வையை வாங்கி வைத்துவிட்டு, "முப்பத்தஞ்சு தொள்ளாயிரம்" என்று சீட்டில் எழுதப்போனாள்.

"நிறுத்து பிள்ள. ஒங்க தராசு தப்பு" என்றேன்.

"இல்லம்மா, கரெக்டாத்தான் இருக்கும்."

"முப்பது வருஷமா தராசுலயே பொழைக்கிறவ நான். என் தராசு வருஷா வருஷம் முத்திர போட்டது. அதுல முப்பத்தொம்பது நானூறு. முந்தாநாத்து. ரெண்டு நாள்ல மூணரக் கிலோ ஆவியாவா போச்சு?"

"அம்மா, பின்னால ஆளுங்க நிக்கிறாங்க..."

"நிக்கட்டும்." பையிலிருந்து பிரிக்காத ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை எடுத்தேன். "இறங்கு டெல்பின்." பாட்டிலைத் தராசின் நடுவில் வைத்தேன். தராசு சரியென்றால் ஒரு கிலோவும் பாட்டிலின் எடையும் காட்ட வேண்டும்.

1.0 என்று காட்டியது.

எடுத்துவிட்டு மறுபடியும் வைத்தேன். 1.0.

பின்னால் நின்றவர்களில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். "யம்மா, போதும்" என்றாள் டெல்பின். நர்ஸ் பெண் தலை நிமிராமல் எழுதினாள். எனக்குப் பாட்டிலை எடுக்கக் குனிய முடியவில்லை. அந்தப் பெண்ணே எடுத்துக் கொடுத்தாள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"ஏட்டி, வீட்ல முப்பத்தொம்பது நானூறு காட்டிச்சுல்லா?"

"அதுல மூணரக் கிலோ அப்பா வல."

எனக்கு விளங்கவில்லை. அவள் தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினாள். "வலையோட அடிக்கயித்துல ஈயக்குண்டு கோத்திருக்கும்லா. அத அறுத்து நைட்டிக்குள்ள சுத்திக்கிட்டேன். வாரா வாரம் கொஞ்சம் கூட்டிக் கூட்டி."

இந்த இடத்தில் ஒரு தாய் அழுதிருப்பாள். நான் கேட்டது என்ன தெரியுமா? "அப்ப இன்னைக்கு ஏன் கட்டிட்டு வரல?"

"இங்க முடியல யம்மா. நானும் நர்ஸ்தான். அந்தப் பிள்ள கையால பொய் எழுத வைக்க மனசு வரல."

"எங்கிட்ட மட்டும் மனசு வந்துச்சோ?"

"நீதான மொதல்ல விரல வச்ச."

பாட்டிலைப் பைக்குள் திணித்தேன்.

"நாலு வயசுலருந்து ஒன் தராசு பக்கத்துல ஒக்காந்து வளந்தவ நான். நீ மூச்சு விடாம நின்னா, விரல் தட்டுல இருக்குன்னு அர்த்தம். அன்னைக்கு நீ மூச்சு விடல. என்னைய நிறுக்கும்போது நீ அப்படி நிக்கிறத என்னால பாக்க முடியல. நானே ஏத்திக்கிட்டா நீ கால எடுத்துருவன்னு நெனச்சேன். எடுத்தல்லா?"

எடுத்தேன்.

"சாஸு?"

"பூனைக்கு."

"நல்லா இல்லியா மக்கா?"

"எரியுது யம்மா. மொத நாள்லருந்தே. வெந்த புண்ணுல எலுமிச்ச. ருசின்னு ஒண்ணும் தெரியல, எரிச்சல் மட்டுந்தான் தெரியுது. மணம் இருக்கு. மணம் நல்லாருக்கு."

"சொல்லித் தொலைஞ்சா என்னட்டி!"

"அன்னைக்கு நீ சிரிச்ச. பிப்ரவரிக்கு அப்பறம் அன்னைக்குத்தான்."

டாக்டர் கோபிக்கவில்லை. நாளைக்கே குழாய் என்றார். நான் முதல்முறையாகச் சரி என்றேன். என் பிள்ளையின் ஒரு கிலோ நானூறை நானே கண்ணை மூடிக்கொண்டு விட்டுவிட்டேன், இனி என்ன பேரம் இருக்கிறது எனக்கு? டெல்பின் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். டாக்டர் அவளிடம் சொன்னார்: "குழாய் ஒடம்பத் தேத்த. வாய்க்கு லீவு கிடையாது. தினமும் நாலு ஸ்பூனாவது விழுங்கணும். விழுங்காட்டி தொண்டை மறந்துரும்."

நாலு ஸ்பூன்.

அக்டோபர் 7

வைத்துவிட்டார்கள். இருபது நிமிஷம்தான். வெளியே நின்ற எனக்கு எத்தனை நிமிஷம் என்று தெரியவில்லை.

அக்டோபர் 8

குழாயில் எப்படி ஊற்றுவது என்று டெல்பினே எனக்குச் சொல்லிக்கொடுத்தாள், நான் ஏதோ புதிதாக வேலைக்குச் சேர்ந்த நர்ஸ் மாதிரி. "வேகமா ஊத்தாத. ஏலமா போடுத?" என்றாள். அவ்வளவுதான் பேசினாள். வாயால் ஒன்றும் எடுக்கவில்லை. நாலு ஸ்பூன் தண்ணீரையும் துப்பிவிட்டாள். "வயிறு நெறஞ்சிருக்கு, என்னத்துக்கு?" என்கிறாள். அவள் பயந்தது இதைத்தான்.

அக்டோபர் 9

வீட்டுக்கு வந்துவிட்டோம். ஈயக்கயிறு அவள் கட்டிலுக்கு அடியில் சுருட்டி வைத்திருந்தது. கையில் தூக்கினேன். மூன்று கிலோ ஐந்நூறு. கை சரியாகத்தான் சொல்கிறது.

வாங்குகிறவரின் வாய் எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் சரக்கை விற்றது என் தப்பு. அடுப்பில் பால் விடாத கட்டங்காப்பி கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு வாய் அப்படியே ஊற்றி, நாக்கில் வைத்துக்கொண்டு பத்து எண்ணினேன். தோல் உரிந்துவிட்டது. பிறகு என்னுடைய பிரமாதமான சாஸை வைத்து ஒரு ஸ்பூன் சாப்பிட்டேன்.

தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

இதைத்தான் அந்த முதல் நாள், என் முன்னால், மூன்று ஸ்பூன் விழுங்கிவிட்டு "நல்லாருக்கும்மா" என்று சொல்லியிருக்கிறாள்.

அக்டோபர் 10

வெந்த நாக்கோடு ஒவ்வொன்றாகச் சோதித்தேன். மிளகு ஆகாது. பூண்டு ஆகாது. உப்பு ஒரு சிட்டிகைக்கு மேல் ஆகாது. எலுமிச்சைச் சாறு ஒரு துளிகூட ஆகாது. சூடும் ஆகாது. கிரீம் ஆகும். வெண்ணெய் ஆகும்.

ஸ்டனிஸ்லாஸுக்குப் போன். "எலுமிச்ச மணம் வேணும். எலுமிச்ச வேண்டாம்."

"தோலத் துருவுங்க யக்கா. மேல் தோல் மட்டும். வெள்ளப் பகுதி பட்டுச்சுன்னா கசக்கும். கிரீம் வெதுவெதுன்னு இருக்கும்போது போட்டு, மூடி வச்சி, வடிகட்டிருங்க. ஒங்க குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

"நாக்கு வெந்துபோச்சு."

"பாத்துக் குடிக்கக் கூடாதா?"

இன்றும் அவள் வாயால் ஒன்றும் எடுக்கவில்லை.

அக்டோபர் 11, சனி

காலையில் எடை. நான் கேட்கவில்லை, அவளே தராசில் வந்து நின்றாள். நைட்டிப் பையை வெளியே இழுத்து உதறிக் காட்டினாள். நான் நாலடி தள்ளிப்போய் வாசற்படியில் இரண்டு காலையும் சேர்த்து வைத்து நின்றேன்.

"மூச்சு விடு யம்மா" என்றாள்.

விட்டேன். 35.600. இதுதான் எடை. இங்கிருந்துதான் கணக்கு.

தெர்மாகோல் பெட்டியில் சதகுப்பை ஒரு சாண் வளர்ந்திருக்கிறது. முதல் அறுப்பு, ஒரு கிள்ளு. கரையில் நேற்றுச் சாயங்காலம் உயிரோடு துள்ளிய கிழங்கான் நாலு. முள் எடுத்து, பாலில் வேகவைத்து, கையாலேயே மசித்தேன். கிரீமை விரல் பொறுக்கிற சூட்டுக்குக் கொண்டுவந்து, தோலைத் துருவிப் போட்டு மூடினேன். கால் மணி நேரம் கழித்து வடிகட்டி, வெண்ணெயும் இலையும் சேர்த்தேன். என் நாக்கில் வைத்துப் பார்த்தேன். புண் பேசவில்லை. இன்னொரு ஸ்பூன் வைத்தேன். பேசவில்லை.

தட்டைக் கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தேன். "கதவச் சாத்தணுமா?"

குனிந்து முகர்ந்தாள். ரொம்ப நேரம் முகர்ந்தாள்.

"நீ ஏன் யம்மா சரியாப் பேச மாட்டேங்குத? வாயக் காட்டு."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"நாக்க நீட்டு." நீட்டினேன். நர்ஸ் பார்க்கிற மாதிரி, என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பிப் பார்த்தாள். அவள் முகம் கோணிற்று. "கிறுக்கி" என்றாள். "சரியான கிறுக்கி."

பிறகு ஸ்பூனை எடுத்தாள்.

முதல் ஸ்பூன் வாயில் நெடுநேரம் இருந்தது. தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்தேன். இரண்டு. இருமினாள். முதுகைத் தடவினேன். கையைத் தட்டிவிட்டாள். மூன்று.

"எரியுதா? நெசத்தச் சொல்லு."

"எரியல."

"ருசி?"

"தெரியல." கண்ணை மூடிக்கொண்டாள். "பச்சையா ஏதோ மணக்கு. அவ்வளவுதான். இரு, அவசரப்படுத்தாத."

நாலு.

தட்டில் இன்னும் பாதி இருந்தது. எழுந்து எடுக்கப்போனேன். அவள் தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். சன்னலுக்குக் கீழே வெள்ளைப் பூனை வந்து நின்று கத்த ஆரம்பித்தது. வெகுநேரம் கத்தியது. அதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை.